அழைப்பு ஒட்டு

தட்டின் விளிம்பு பல்லுக்கு மெத்தென்று பட்டது.

சுமியே அதை வாயிலிருந்து இறக்கி, இரண்டு கையாலும் பாய்க்கு மேலே தாழ்வாகப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பழைய நீலப்பூத் தட்டு. நடுவில் வெடித்த மாதுளை, ஓரம் முழுக்கக் கொடி. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நகத்தால் சுண்டினாள். கணீரென்று ஒலித்து, அந்த ஒலி கூடத்தின் கூரை வரை போய், வெளியே பெய்துகொண்டிருந்த மழையில் கரைந்தது. ஒட்டுப் போட்ட பீங்கான் அப்படி ஒலிக்காது, தொப்பென்று செத்த சத்தம் கொடுக்கும். காது நல்ல தட்டு என்றது. பல் வேறு மாதிரிச் சொன்னது. இத்தனை வருஷத்தில் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டதே இல்லை.

அரிதா ஊரில் பீங்கான் வியாபாரிகள் தங்களுக்குள் ஏலம் போட்டுக்கொள்ளும் அந்தக் கூடத்தில் சுமியேவுக்கு வேலையே இதுதான். உடைந்ததை ஒட்டி, பூசி, தேய்த்து, பூவும் கொடியும் வரைந்து, ஒன்றுமே நடக்காத மாதிரிக் கொண்டுவந்து நீட்டுகிற ஆசாமிகள் எல்லாத் தொழிலிலும் உண்டு. பீங்கானில் கொஞ்சம் கூடுதல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கை அவர்களுக்கு. கண்ணை ஏமாற்றிவிடலாம், விரலைக்கூட ஏமாற்றிவிடலாம், பல்லை முடியாது. சூளையில் வெந்த மெருகு கண்ணாடி மாதிரி, பல் உரசினால் கிறீச்சென்று எதிர்த்து நிற்கும். பின்னால் பூசியது எப்பேர்ப்பட்ட கைகாரன் பூசியதாக இருந்தாலும் நெருப்பைக் காணாதது, அதனால் மெத்தென்று வழுக்கிக் கொடுக்கும். கூடத்தில் அவளுக்குப் பல்லழகி என்று பெயர். அழகைப் பார்த்து வைத்த பெயர் இல்லை அது.

"ஒட்டு," என்றாள்.

"எங்க?" என்றார் எகாமி. கூடத்துக்குச் சொந்தக்காரர், எழுபதைத் தாண்டிய பெரிய உடம்பு.

"விளிம்புல."

"எந்தப் பக்கம்?"

சுமியே இன்னொரு முறை பல்லால் தடவிப் பார்த்தாள். "சுத்திலும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "சுத்திலுமா? ஏம்மா, முழு விளிம்பையும் உடைச்சு ஒட்டறவன் பேசாம புதுத் தட்டே செஞ்சுட்டுப் போயிருப்பானே!"

அடுத்து ஒரு வெள்ளைச் சாடி வந்தது. அதுவும் மெத்தென்றது. அடுத்து நாரை போட்ட கிண்ணம். ஒட்டு, என்றாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. எகாமி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஊதா விளக்கு வைத்திருக்கும் இருட்டு அறைக்குப் போய்த் திரும்பி வந்தார். விளக்கின் கீழே பழைய மெருகு ஒளிராமல் அடங்கிக் கிடக்கும், புதுப் பூச்சு பால் மாதிரி வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கிண்ணத்தில் ஒரு வெளுப்பும் இல்லை. அவர் சத்தம் போடவில்லை. தன் பக்கத்தில் இருந்த டீக் கோப்பையை எடுத்து, மிச்சத்தைக் குடித்து, துடைத்து, அவளிடம் நீட்டினார்.

"இதப் பாரு."

பார்த்தாள். விளிம்பு டீயின் சூட்டோடு, பல்லுக்கு மெழுகு மாதிரி இளகிக் கொடுத்தது.

"ஒட்டு," என்றாள்.

எகாமி கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"சுமியே, இது போன மாசம் எதிர்ச் சூளையில நானே வாங்கினது. இத யாரு உடைச்சா, யாரு ஒட்டினா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "வீட்டுக்குப் போம்மா. விபத்துக்கப்புறம் ரொம்ப சீக்கிரமா வந்துட்ட. உடம்பு தேறட்டும். உன் இடம் எங்கயும் போயிடாது."

இத்தனை பேர் நடுவில் மானம் போயிருக்கிறது. முகம் சிவக்க வேண்டும், கண் முட்ட வேண்டும். சுமியே காத்திருந்து பார்த்தாள். எதுவும் வரவில்லை. குனிந்து வணங்கி, கழற்றி வைத்திருந்த மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, குடையோடு வெளியே வந்தாள்.

வசந்தத்திலிருந்தே இப்படித்தான். எதுவும் உள்ளே இறங்குவதில்லை. பழைய சூளைச் செங்கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்களுக்கு நடுவே, ஓடையை ஒட்டி நடந்தாள். ஈரச் செங்கல் வாசம், மூங்கில் இலைகளில் தட்டித் தட்டி விழும் நீர், எங்கோ களிமண் இடிக்கும் மர உலக்கையின் மந்தமான தட்டல், எல்லாம் மூக்குக்கும் காதுக்கும் வந்தன, அதற்கு அப்பால் ஒரு விரற்கடை போகவில்லை. சோற்றில் ருசி இல்லை, வெந்நீரில் சூடு இல்லை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மகள் மினோரியை நினைத்தால் நெஞ்சு அடைக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையை இத்தனை வாரமாகப் பார்க்காத தாய் எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அப்படி இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய பயம், அந்தப் பயமும்கூட யாரோ சொல்லித் தெரிந்துகொண்டது போலத்தான் இருந்தது.

உரேஷினோ வெந்நீர் ஊற்றிலிருந்து மலைப்பாதையில் திரும்பும்போது விபத்து நடந்தது. மழை. கணவன் குனிஹிகோ ஓட்டினான். மினோரி பின் இருக்கையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், தோலின் காரவாசம் வண்டி முழுக்க இருந்தது. அவ்வளவுதான் ஞாபகம். அடுத்த ஞாபகம் வீட்டுப் பட்டறை அறையில், தரையில் விரித்த மெத்தை, கணப்பின் சூடு, பிசின் வாசம். ஆஸ்பத்திரியில் இருந்தாய், உனக்கு நினைவில்லை, என்றான் குனிஹிகோ. உடம்பில் ஒரு தழும்பு இல்லை. மினோரிக்குக் கீறல்கூட இல்லையாம். அம்மா தேறும் வரை சசேபோவில் அத்தை வீட்டில் இருக்கிறாளாம். பேச வேண்டும் என்றால், உன் குரலைக் கேட்டால் ஏங்கிவிடுவாள், இப்போது வேண்டாம் என்பான். நீ பழையபடி வேலைக்குப் போகிற அளவுக்குத் தேறு, அன்றைக்கே கூட்டிவருகிறேன் என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சுமியே இன்று கூடத்துக்குப் போனதே.

குனிஹிகோ ஒட்டுக்காரன். கள்ளனும் போலீசும் ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்துகிறார்கள் என்று கூடத்தில் கேலி. அவன் கள்ளன் இல்லை, வாங்குகிறவரிடம் ஒட்டென்று சொல்லித்தான் கொடுப்பான். அப்புறம் அவர்கள் செய்கிற தில்லுமுல்லுக்கு அவன் பொறுப்பில்லை. ஜில்லாவில் அவன் கைக்கு ஈடு கிடையாது. ஆனால் பாம்பின் கால் பாம்பறியும். அவன் ஒட்டிய எதையும் சுமியே கண்டுபிடித்துவிடுவாள். இடக்கைக்காரன், பூச்சின் ஓரத்தைக் கரைத்துவிடும்போது அவன் கை வலமிருந்து இடமாகத்தான் ஓடும். இத்தனை வருஷமாகச் சொல்லிக் காட்டுகிறாள், அவனால் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

அவனுக்குப் பெருமை அழைப்பு ஒட்டில். ஒரு கிண்ணத்தில் ஒரு துண்டு தொலைந்துபோனால், பசையைக் குழைத்து நிரப்புவது சாதாரண ஒட்டு. உடைந்துபோன இன்னொரு கிண்ணத்திலிருந்து துண்டை அழைத்து வந்து அந்த இடத்தில் உட்கார வைப்பது அழைப்பு ஒட்டு. வந்த துண்டு இடம் பிடித்து உட்கார வேண்டுமே, அதற்குத்தான் அழைக்க வேண்டும் என்பான். ஒரே மண்ணாக இருந்தால் அழைத்ததும் வரும், வேற்று மண் வராது, வந்தாலும் நிற்காது. முழுசாக இருப்பதை உடைத்து ஒட்டுகிறவன் கொலைகாரன், ஆனால் இரண்டுமே உடைந்திருந்தால் அதில் பாவமில்லை. குடித்திருக்கும்போது இதைத் திரும்பத் திரும்பச் சொல்வான்.

வீட்டில் பட்டறைக் கதவு திறந்திருந்தது. மழைக்காலம் அரக்குப் பிசினுக்கு நல்ல காலம், ஈரத்தில்தான் அது இறுகும். புளித்த அந்த வாசம் நடைவரை வந்தது. குனிஹிகோ கஞ்சி வைத்திருந்தான், கூடவே வெந்த பூசணி, சோயாக்கட்டி. சாப்பாட்டுக் குச்சியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"என்ன, சீக்கிரம் வந்துட்ட?"

"எகாமி அனுப்பிட்டார்."

"ஏன்?"

"எல்லாமே மெத்துனு இருக்குங்க. அவரோட டீக் கோப்பைகூட."

அவன் குச்சி கிண்ணத்துக்கு மேலேயே நின்றது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரிப் பூசணியை எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தான்.

"கொஞ்ச நாளைக்குப் பல்லு வைக்காதயேன். கண்ணால பாரு."

"கண்ணால ஊரே பார்க்குது. எனக்கு எதுக்குச் சம்பளம்?"

"சொல்றதக் கேளு, சுமியே. கடினமா எதையும் கடிக்காத." முள்ளங்கி ஊறுகாய்த் தட்டை அவள் பக்கத்திலிருந்து நகர்த்தித் தன் பக்கம் வைத்துக்கொண்டான். அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது, வசந்தத்திலிருந்து இந்த வீட்டில் கடித்துத் தின்கிற எதையும் அவன் தனக்குத் தந்ததில்லை. கஞ்சி, கூழ், வெந்தது, மசித்தது.

"ஞாயித்துக்கிழமை மினோரியக் கூட்டிட்டு வரலாமா?"

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னுதான் போன வாரமும் சொன்னீங்க. நான் வேலைக்குப் போயிட்டேன்ல? சொன்ன மாதிரி போயிட்டேன்ல?"

"அவ எங்கயும் போயிடல." குனிஹிகோ சிரித்தான். நல்ல சிரிப்பு, பாசமான சிரிப்பு. பேசும்போது அவன் அவள் கண்ணைப் பார்ப்பதில்லை. வாயைத்தான் பார்க்கிறான். எத்தனை நாளாக இப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. "பக்கத்துலதான் இருக்கா."

சாப்பிட்டு முடித்து, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பார்சல் ஆபீசுக்குக் கிளம்பினான். வண்டிச் சத்தம் ஓடைப் பாலம் தாண்டி மறைந்தது.

சுமியே பாத்திரம் கழுவினாள். கழுவிக்கொண்டே தன் சோற்றுக் கிண்ணத்தைப் பல்லில் வைத்தாள். மெத்தென்றது. மினோரியின் முயல் போட்ட கிண்ணம் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்து வைத்துப் பார்த்தாள். மெத்தென்றது. அப்புறம் கண்ணாடித் தம்ளர். தண்ணீர் குடிக்கிற சாதாரணத் தம்ளர். அதை எவனும் ஒட்ட மாட்டான், உடைந்தால் குப்பையில் போடுவான். விளிம்பில் பல்லை வைத்து, மெல்ல, கூர்ந்து, இடமிருந்து வலமாக உரசினாள். கிறீச்சென்ற சத்தம் இல்லை. மெழுகு. மெத்தை. தம்ளரைக் கீழே வைத்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி இளகாது, இது கண்ணாடி. இரண்டு பொருள் உரசுகிறது. ஒன்று மெத்தென்று இருக்கிறது. அது தம்ளர் இல்லை என்றால்.

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தொலைபேசியை எடுத்து சசேபோவுக்குப் போட்டாள். குனிஹிகோவின் தங்கை நொபுகோ உடனே எடுத்தாள். பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி! என்ன அதிசயம், நீங்களே பேசறீங்க! உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கேன். மினோரிகிட்ட குடேன், நொபுகோ. ஸ்கூல்லேர்ந்து வந்திருப்பாளே?"

டி.வி.யின் சத்தம் குறைந்தது.

"மினோரியா? அவ உங்ககூடதானே இருக்கா?"

சுமியே தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணி? நேத்து சாயங்காலம்கூட எங்கிட்டப் பேசினாளே. அண்ணன் போன்லேர்ந்து. பல்லு ஆடுதுன்னு ஒரே பெருமை. முன்னாடி மேல் பல்லாம். நாக்கால தள்ளினா டொக்கு டொக்குனு சத்தம் வருது அத்தை, கேக்குதான்னு கேட்டா. வாயாடி. எனக்குச் சிரிப்புத் தாங்கல."

"நேத்தா?"

"ஆமா. நீங்க தூங்கறீங்கன்னு சொன்னா. அம்மா தூங்கறா, முழிச்சுக்கப் போறா, மெதுவாப் பேசறேன்னு குசுகுசுன்னே பேசினா." நொபுகோவின் குரல் மாறியது. "அண்ணி, என்னாச்சு? அண்ணன் இல்லையா அங்க?"

தொலைபேசியை வைத்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம். ஒவ்வொரு சாயங்காலமும் சாப்பாட்டுக்குப் பிறகு குனிஹிகோ அவளைப் படுக்க வைப்பான், அவள் கண்களின் மேல் உள்ளங்கையை வைப்பான், கண்ணை மூடினால் விடிந்திருக்கும். அவன் தரும் மாத்திரையின் வேலை என்று நினைத்திருந்தாள். காலையில் சில நாள் தொண்டை கட்டியிருக்கும், நிறையப் பேசியது மாதிரி.

நாக்கு தானாகவே மேலே போயிற்று. முன்பக்கம், மேல் பல். தொட்டது. தள்ளியது.

ஆடியது.

பட்டறைக்குப் போனாள். பல்லுக்குச் சந்தேகம் வந்தால் விளக்கு. தொழிலில் அதுதான் வழக்கம், கால் பழக்கத்தில் போயிற்று. மரக்கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினாள். வெளியே பிற்பகல், மழையின் சாம்பல் வெளிச்சம். உள்ளே கடைசிக் கதவு சேர்ந்ததும் இருட்டு முழுசாக வந்து உட்கார்ந்தது. பிசினின் புளித்த வாசமும், அதற்கு அடியில் இன்னொரு வாசமும், பழையது, லேசாக இனிப்பானது, ஆரஞ்சுத் தோல் காய்ந்தது போல. கையால் துழாவி விளக்கை எடுத்து, விசையை அமுக்கினாள். ஊதா ஒளி மேசைமேல் விழுந்தது. ஒட்டக் காத்திருக்கும் கிண்ணங்களின் பழைய மெருகு அடங்கிக் கிடந்தது, பூச்சு விழுந்த இடங்கள் வெளுத்துத் தெரிந்தன. விளக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது.

இடது கையை அதன் கீழே நீட்டினாள்.

புறங்கை அடங்கி இருந்தது. மணிக்கட்டில் ஒரு கோடு, பால் வெள்ளை, நூலளவு. அது வளைந்து முழங்கைக்கு ஓடி, அங்கே இன்னொரு கோட்டோடு சேர்ந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அவள் தோல். அந்தப் பக்கமும் தோல்தான், பூச்சு இல்லை, பசை இல்லை, வெளுக்கவில்லை. ஆனால் மெல்லிசு. ரோமம் மெல்லிய பூனைமுடி. ஒரே மண், வேறு துண்டு.

சட்டையைத் தோளிலிருந்து இறக்கினாள். அங்கேயும் கோடுகள். விலாவில். இடுப்பில். கோட்டின் ஓரம் தெரியாதபடி கரைத்துவிட்டிருந்தது, வலமிருந்து இடமாக.

நல்ல வேலை. முதலில் அதுதான் தோன்றியது. அவன் செய்ததிலேயே நல்ல வேலை. தோன்றியதற்கு அடுத்த மூச்சில், பல வாரம் வராமல் இருந்த பயம் வந்தது. காலிலிருந்து ஏறியது. முட்டி வரை. வயிறு வரை.

மேசையில், சாடிகளின் பின்பக்கம் பார்ப்பதற்கு அவன் வைத்திருக்கும் வட்டக் கண்ணாடி இருந்தது. எடுத்து நிமிர்த்தி வைத்தாள். விளக்கை முகத்துக்குத் தூக்கினாள்.

நெற்றி அவளுடையது. கண்கள் அவளுடையவை. கண்களுக்குக் கீழே, ஒரு காதிலிருந்து மூக்குத்தண்டைத் தாண்டி மறு காது வரை, அந்தக் கோடு. அதற்குக் கீழே கன்னம், உதடு, மோவாய், தொண்டை. ஒரு சுருக்கம் இல்லை. அவளுக்கு நாற்பத்தி மூன்று வயது. பகல் வெளிச்சத்தில் எப்படிப் பார்க்காமல் போனேன் என்று நினைத்தாள். பூசியிருந்தான். சுருக்கம்கூட வரைந்திருந்தான். வரைந்ததெல்லாம் இந்த விளக்கில் மெல்லிய வெள்ளைப் படலமாகத் தெரிந்தது, அதன் வழியாக அடியில் இருப்பதும் தெரிந்தது.

வாயைத் திறந்தாள். பல்லின் மேலும் அதே பூச்சுப் படலம். நாக்கு அந்தப் பல்லை ஒருமுறை தள்ளியது. அவள் தள்ளவில்லை. நாக்கு தள்ளியது. டொக். வலி இல்லை. உள்ளங்கையில் விழுந்ததை விளக்கில் பார்த்தாள். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. வேர் இல்லை. பால் பல்.

மரக்கதவு ஒன்று ஒரு சாண் நகர்ந்து, சாம்பல் வெளிச்சத்தில் குனிஹிகோ நின்றான். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. விளக்கையும் கண்ணாடியையும் அவளையும் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, கதவை மறுபடி இழுத்து மூடினான்.

"மினோரி எங்க?" என்றாள்.

"கத்தாத. இன்னும் முழுசா இறுகல. கிழிஞ்சிடும்."

"மினோரி எங்கன்னு கேக்கறேன்."

அவன் அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தான். ஊதா ஒளியில் அவன் முகம் முழுக்க அடங்கி, ஒரே துண்டாக இருந்தது. கண் கலங்கியிருந்தது.

"ரெண்டுமே உடைஞ்சிருந்துது, சுமியே. ரோட்டுல. மழையில. ரெண்டுலேர்ந்து ஒண்ணுதான் தேறும்னு பார்த்தவுடனே தெரிஞ்சுது. நான் என்ன பண்ணுவேன், சொல்லு? யாரக் குப்பையில போடுவேன்?" மூக்கை உறிஞ்சினான். "ஒட்டு வேலையில எது பாதிக்கு மேல இருக்கோ, அந்தக் கிண்ணத்தோட பேரத்தான் வைக்கணும். நான் அளக்கல. அளக்க மனசு வரல. ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டேன்."

எழுந்து ஓட வேண்டும். சுமியே காலுக்குச் சொன்னாள். கால் கேட்கவில்லை. அதில் எவ்வளவு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியாது.

"அவள சாயங்காலம்தான் கூப்பிடுவேன். நீ தூங்கினதுக்கப்புறம். உனக்குத் தெரிய வேண்டாம்னு பார்த்தேன்." அவன் கையை நீட்டினான். அவள் கண்களை மூடுவதற்கு. பிறகு என்ன நினைத்தானோ, கையை மடியில் போட்டுக்கொண்டான். "சரி. தெரிஞ்சுபோச்சு. நீயும் பாரு. நீயும் அவளப் பார்த்து எவ்ளோ நாளாச்சு."

அவள் வாயைப் பார்த்தான். அப்படி ஒரு பாசத்தோடு. அழைத்தான்.

"மினோரி."

உதடுகள் திறந்தன.

"அப்பா! பல்லு விழுந்துடுச்சு! பாத்தியா, பாத்தியா, நான்தான் தள்ளினேன்!"

"பார்த்தேண்டா கண்ணு."

"மேல் பல்லு! மேல் பல்லுன்னா தரைக்கு அடியிலதானே போடணும்? கீழ்ப் பல்லுன்னாதானே கூரை மேல? நான் போடறேன், நானே போடறேன்! அம்மா தூங்கறாளா?"

"இல்ல," என்றான் குனிஹிகோ. "முழிச்சுட்டு இருக்கா."

உள்ளங்கையில் இருந்த பல்லின்மேல் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. தொண்டைக்குள்ளிருந்து சிரிப்பு பொங்கி வந்தது. கூடவே சந்தோஷம், நெஞ்சு நிறைய, மூச்சு முட்ட. வசந்தத்துக்குப் பிறகு சுமியேவின் உடம்பில் வந்த முதல் சந்தோஷம். அது அவளுடையது இல்லை.

அலற வேண்டும். அதற்கு வாய் வேண்டும்.

வட்டக் கண்ணாடியில், வெள்ளைக் கோட்டுக்குக் கீழே, பல் விழுந்த சந்து தெரிய அந்த வாய் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. கோட்டுக்கு மேலே, இமைக்காமல் திறந்திருந்த இரண்டு கண்கள் அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.